கருப்பை வாய்ப் புற்றுநோய்: சிக்கனச் சோதனையும் அதன் மறைமுகச் செலவும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரெனத் தோன்றுவதன்று. எச்.பி.வி. எனும் வைரஸ் கிருமியால் திசுக்களில் ஏற்படும் மாறுதல், புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்த இடைக்காலத்தில் கண்டறிந்தால் எளிய சிகிச்சையே போதும். வளர்ச்சியடைந்த நாடுகள் பாப் ஸ்மியர் சோதனையின் வாயிலாக இந்நோயை வெகுவாகக் குறைத்தன. ஆனால் அதற்குச் செல்களை நுண்ணோக்கியில் ஆய்ந்து கூறும் வல்லுநர் தேவை. முடிவை அறியவும், பின்னர் சிகிச்சை பெறவும் பெண்கள் பலமுறை வர வேண்டும். கிராமப்புறப் பெண்ணுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பாகும். இச்செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

இதற்கு மாற்றாக அமைந்ததே அசெடிக் அமிலச் சோதனை. வினிகரிலுள்ள இவ்வமிலத்தின் 3 முதல் 5 சதவீதக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் கழித்து நோக்கினால், மாறுதலுற்ற திசு வெண்திட்டாகத் தெரியும். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, முடிவு உடனே கிடைக்கிறது.

இம்முறையின் பயனை நிறுவியதில் இந்தியாவின் பங்கு பெரிது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் சோதனை செய்து, தேவைப்பட்டோருக்கு அதே வருகையில் உறைகுளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். 2007-இல் வெளியான முடிவுகளின்படி, அங்கு நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத சுகாதார ஊழியர்களே இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தனர். இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

எனினும், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் (இன்றைய தாராஷிவ்) மாவட்ட ஆய்வைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். 2009-இல் வெளியான அதன் முடிவில், ஒரே ஒருமுறை செய்த அமிலச் சோதனையால் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; எச்.பி.வி. சோதனையோ இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கிற்று. கண்ணால் காண்பது காண்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி உள்ளொடுங்கிவிடுவதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. சோதனையையே முதன்மை முறையாகப் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துத் தரலாம் என்பது பெரும் வசதி. ஆனால் மாதிரி ஆய்வுக்கூடம் சென்று திரும்ப வேண்டியிருப்பின், மறுவருகைச் சிக்கலும் உடன் திரும்பிவிடுகிறது.

மைய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அமிலச் சோதனையை வகுத்தன. ஆயினும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதேனும் சோதனை செய்துகொண்டோர் 2 சதவீதத்திற்கும் குறைவே. எண்ணிக்கையை உயர்த்துவது மட்டும் போதாது. உறைகுளிர்ச் சிகிச்சைக்கு வாயு உருளை வேண்டும். அதைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. மின்கலத்தால் இயங்கும் வெப்பச் சிகிச்சைக் கருவிக்கு அத்தொல்லை இல்லை. சோதனை நடைபெறும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதனை வைப்பதற்கான ஒதுக்கீடு, சோதனைக்கான ஒதுக்கீட்டுடன் சேர்த்தே கணக்கிடப்படல் வேண்டும்.