மின்சாரச் செலவும் குடித்தனக் கணக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், வத்திராயிருப்புக்குச் செல்லும் பாதை பிரியுமிடத்தில் இருப்பது கிருஷ்ணன்கோவில். 1984-ம் வருஷத்தில் அங்கே பொறியியல் கல்லூரி ஏற்பட்ட பின்பு ஊர் பெருகியது. கான்கிரீட் தளமிட்ட வீடுகளும் பெருகின. இத்தளம் மழைக்கு நல்லது. பங்குனி வெயிலுக்கு நல்லதன்று. பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்கிவிடும். ஆகவே மின்விசிறி இரவும் பகலும் சுழல வேண்டியதாகிறது. கோடை மாதங்களின் மின்சாரக் கணக்கு, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தோடு சேர்ந்து வரும்போது, பிள்ளைகளின் புஸ்தகத்துக்கென்று வைத்திருந்த பணம் அதற்குப் போய்விடுவதும், கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போவதும் உண்டு.

இதைத் தவிர்க்க விரும்புவோர் முதலில் அறியவேண்டிய விஷயம் யாதெனில், மின்சாரம் எல்லா வீட்டுக்கும் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை என்பதே. தமிழ்நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் 2016-ம் வருஷம் முதல் இலவசம். 2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஏற்பட்ட விகிதப்படி, அதற்குமேல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.35, 400 வரை ரூ. 4.70, 500 வரை ரூ. 6.30. இதன்படி 500 யூனிட் செலவழித்த வீட்டார் கட்டவேண்டியது ரூ. 1805. ஆனால் 500-ஐத் தாண்டினாலோ ரூ. 2.35 என்ற சலுகைப் படி அடியோடு நீங்கி, 101-லிருந்தே ரூ. 4.70 கணக்காகிறது; 500-க்கு மேற்பட்டதற்கு ரூ. 8.40. ஆகவே 501 யூனிட்டுக்கு ரூ. 2048.40 ஆகிறது. அந்த ஒரே யூனிட்டின் விலை ரூ. 243.40! சந்தையில் கத்தரிக்காய்க்கு எட்டணா பேரம் பேசுகிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை.

இனி ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கோடையில் இரண்டு மாதத்துக்கு 530 யூனிட் ஆகிறது, கட்டணம் ரூ. 2292. அவ்வீட்டில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓடும் மின்விசிறிகள் இரண்டு. பழைய மாதிரி விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று கடைக்காரர்கள் சொல்லும் புதிய மோட்டார் வைத்தது சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இரண்டையும் மாற்றினால் 65 யூனிட் குறையும். அப்போது 465 யூனிட்டுக்குக் கட்டவேண்டியது ரூ. 1584.50 மட்டுமே, மிச்சம் ரூ. 707.50. விசிறி ஒன்று ரூ. 3000 என்று கொண்டாலும், போட்ட முதல் ஒன்பது கணக்குகளுக்குள் திரும்பிவிடும். மழைக்காலத்தில் செலவு 300 யூனிட்டுக்கு இறங்குமானால் மிச்சமும் ரூ. 305 அளவில்தான் இருக்கும். ஆதலால் இரண்டு வருஷத்துக்கு மேல் என்று எண்ணிக்கொள்வது ஜாக்கிரதை.

அடுத்த வீட்டில் 190 யூனிட்தான் ஆகிறது என்போம். அங்கே அதே இரண்டு விசிறிகளை மாற்றினால் கிடைக்கும் மிச்சம் ரூ. 153. ஆறாயிரம் ரூபாய் திரும்ப ஆறு வருஷத்துக்கு மேலாகும். அவ்வீட்டார் அண்டை வீட்டைப் பார்த்து அவசரப்பட வேண்டியதில்லை. பழைய விசிறி பழுதாகும்வரை பொறுத்து, அப்போது நல்லதாக வாங்கினால் போதும். விசிறிகளுக்கு நட்சத்திரச் சீட்டு 2023-ம் வருஷம் ஜனவரி முதல் கட்டாயமாகியிருப்பதால், அதைப் பார்த்து வாங்கலாம். விளக்கு விஷயம் வேறு. 60 வாட் குண்டு பல்பு இன்னும் எங்கேனும் எரியுமானால் அதை எந்த வீட்டாரும் உடனே கழற்றலாம். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் அது 18 யூனிட் தின்னும். 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு மூன்று யூனிட் போதாமலிராது.

கடன் வாங்கி மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் ஆறாயிரம் வாங்கினால் இரண்டு மாத வட்டி ரூ. 360. முதல் வீட்டாருக்குக் கோடை மிச்சத்தில் பாதி வட்டிக்காரருக்கே போகும். மழைக்காலத்தில் மிச்சம் முழுவதும் போனாலும் போதாது. இரண்டாம் வீட்டாருக்கோ என்றைக்கும் நஷ்டமே. இத்தகைய வட்டியிலிருந்து குடியானவரை மீட்பதற்காகவே 1904-ம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சட்டம் பிறந்தது. அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில் திரூரில் அவ்வருஷமே சங்கம் கண்டார்கள். அந்நாளில் ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர். கடனில்லாமல் முடிக்கும் வழியும் உண்டு. முதலில் ஒரு விசிறியை மட்டும் மாற்றி, அதனால் மிஞ்சுவதைக் கூட்டுறவுச் சங்கத்திலோ தபால் ஆபீஸிலோ தொடர் வைப்பாகப் போட்டு வந்தால், இரண்டாவது விசிறி அந்தப் பணத்திலேயே வரும்.

தளத்தின் சூட்டுக்கு மாசி மாதத்தில் சுண்ணாம்பு அடிப்பது பழைய யுக்தி, செலவும் சொற்பம். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இப்பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆகவே மாசியில் அடித்தது கோடை முழுவதும் பெரும்பாலும் நிற்கும், மறுவருஷம் மீண்டும் அடிக்க வேண்டும்.

சூரிய மின்தகடு வைப்போருக்கு 2024-ம் வருஷத்து மத்திய சர்க்கார் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ. 30,000, இரண்டுக்கு ரூ. 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் ரூ. 78,000 மானியம் ஏற்பட்டது. மானியம் தகடு வைத்த பின்பே வங்கிக் கணக்கில் சேரும். முழுத் தொகையையும் முன்னதாகத் திரட்ட வேண்டும் என்பதை மறக்கலாகாது. 200 யூனிட்டுக்குக் குறைந்த வீட்டாருக்கு இதில் ஆதாயம் சொற்பமே.

வாரந்தோறும் ஞாயிறு காலையில் மீட்டரைப் பார்த்து, அதன் எண்ணைப் பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே தேதியுடன் குறித்து வரலாம். 500 யூனிட் என்பது நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம். நாற்பதாம் நாளில் 330-ஐத் தாண்டியிருந்தால், இன்னும் இருபது நாள் இருக்கிறது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியை நிறுத்தவும், தண்ணீர் மோட்டாரைக் குறித்த நேரத்தில் மட்டும் போடவும் அந்த இருபது நாள் போதுமானது.