அடுப்பைத் திருத்துவதா, மாற்றுவதா?

ஊவா மலைகளில் அடுப்பானது சோறாக்குதற்கு மட்டுமன்றிக் குளிர்காய்தற்கும் உரியது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள பண்டாரவளையின் மார்கழி விடியல் இதனை நன்குணர்த்தும். அவ்வடுப்புப் பழுதுற்றவிடத்துச் செய்யத்தக்கது யாதென ஈண்டு ஆராய்வோம்.

பழுது மூவகைத்து. புறப்பூச்சு உதிரின், உமி கலந்த களிமண் பூசுதல் போதும். தீ நின்றெரியும் உட்சுவர் பிளந்தாலோ, பூச்சு நிலையாது. சுட்ட மண் சுருங்காது. புதுமண் உலருங்கால் சுருங்கும். ஆதலின் ஒட்டு விடும். புகைபோக்கியிற் கரி அடைத்திருப்பின் துடைக்கலாம். தகரம் துருவேறித் துளைபட்டிருப்பின் மாற்றுதலே முறை. அது லயத்தின் சுவரைச் சார்ந்ததாயின் தோட்ட நிருவாகத்துக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

இனிக் கணக்கு. ஒருமுறை பூச 300 ரூபாவும், அது நிற்பது நான்கு மாதமும் எனக் கொள்வோம். ஆண்டுச் செலவு 900 ரூபா. 1,500 ரூபா அடுப்பு மூன்றாண்டு நிற்பின் ஆண்டுக்கு 500 ரூபாவே. பிளவின் வழி அனல் கழிதலால் மிகும் விறகும் பழைய அடுப்பின் கணக்கிலேயே சேரும். 1980களில் நம் நாட்டில் உருவான 'அனகி' மண்ணடுப்பு, ஒரு தீவாயில் இரு பானை ஏற்ற இடந்தந்து விறகைச் சிக்கனப்படுத்துவது.

எனினும் ஈர மிலாறு எரிப்பின் புத்தடுப்பும் புகையும். விறகுப்புகை நுரையீரல் நோய்க்கும் கண்புரைக்கும் ஏதுவாமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பகலெல்லாம் கொழுந்தெடுத்து மீளும் தாய் அப்புகையிலேயே மாலையைக் கழிக்கின்றாள். ரூபாவில் அடங்காத அச்செலவையும் கணக்கிற் சேர்த்த பின்னரே, இன்னும் ஒருமுறை பூசலாமா என நாம் முடிவு செய்தல் தகும்.