ஏசி எடுக்க லேட்டாவுதுங்ண்ணா

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் ஆண்டகளூர் கேட்டில் வண்டியை ஓரங்கட்டும் டிரைவர்கள் என்னிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "போன வருசம் சுச்சைப் போட்டதுமே ஜில்லுனு அடிச்சதுங்ண்ணா. இப்ப ஃபேன் மட்டும் ஓடுது, ஏசி எடுக்க லேட்டாவுதுங்." கேபின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். இருபத்து நாலு வோல்ட் பேட்டரியில் ஓடும் ஏசி அது. நாமக்கல் மாவட்டத்தில் லாரி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் எவ்வளவு பழக்கமோ, இந்தப் பெட்டியும் அவ்வளவு பழக்கம்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. நல்ல விதி. ஆனால் கம்பெனி ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போய், மண்டி வாசலில் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பவருக்கு அதனால் என்ன பயன்? எஞ்சினை ஓடவிட்டால் டீசல் போகும், ஓனர் திட்டுவார். அதனால்தான் புது வண்டிக்கும் மேலே இந்தப் பெட்டியை ஏற்றுகிறார்கள்.

தாமதம் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது: "ஆஃப் பண்ணின உடனே ஆன் பண்ணினீங்களா?" கம்ப்ரசர் நின்றதும் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கும். இரண்டும் சமமாகும் முன் கிளப்பினால் மோட்டாருக்கு மூச்சு முட்டும். அதைத் தடுக்கத்தான் போர்டிலேயே சுமார் மூன்று நிமிட இடைவெளி வைத்திருக்கிறார்கள். டீ குடிக்க இறங்கும்போது அணைத்துவிட்டு, நினைவு வந்து உடனே போட்டால் மூன்று நிமிடம் ஃபேன் மட்டும்தான் ஓடும். அது பழுது இல்லை. பொறுமையில்லாமல் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால் சில மாடல்களில் ஒவ்வொரு தட்டுக்கும் அந்த மூன்று நிமிடம் புதிதாகத் தொடங்கும். இது தெரியாமல் ஏசியைக் கழற்றி இறக்கியவர்களும் உண்டு.

எடுக்கப் பார்த்து, விட்டு, மறுபடி எடுக்கப் பார்த்தால் அது பழுதுதான். அதற்குப் பெரும்பாலும் ஏசி காரணமாக இருப்பதில்லை. ஏசிக்குப் போய்ச்சேர வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோகிறது.

போன கோடையில் வந்த ஒரு பன்னிரண்டு சக்கர வண்டியைச் சொல்கிறேன். ஏற்கெனவே வேறொரு இடத்தில் கேஸ் கம்மி என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு கேஸ் ஏற்றியிருந்தார்கள். கேஸ் குறைந்தால் குளிர் குறையும், எடுப்பது பொதுவாகத் தாமதமாகாது. சும்மா இருந்த பேட்டரியில் மீட்டர் வைத்தேன், 25.1. டிரைவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "பேட்டரி நல்லாத்தானுங்ண்ணா இருக்குது." சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்ல பேட்டரிதான். ஏசியைப் போடச்சொல்லி, கிளாம்ப் மீட்டரில் ஓட்டம் நாற்பது ஆம்பியரைத் தொட்ட நொடியில் இரண்டு இடத்தில் பார்த்தோம். பேட்டரி முனையில் 24.3, மேலே ஏசி முனையில் 21.9. இருபத்திரண்டுக்குக் கீழே போனால் நிறுத்து என்று போர்டில் செட் செய்திருந்தது. அதனால் ஏறும்போதெல்லாம் தடுமாறி நின்றது. நின்றதும் ஓட்டம் குறைந்து வோல்டேஜ் மீண்டும் ஏறும், மூன்று நிமிடம் கழித்து அதே கதை. கடைசியில் ஒருமுறை எப்படியோ தாண்டிவிடும். டிரைவர் கண்ணுக்கு அது 'லேட்டா எடுக்குது'.

இரண்டு புள்ளி நாலு வோல்ட் எங்கே போனது? மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை ஏசி பிளஸ்ஸிலும் வைத்தால், அந்த ஒயரில் மட்டும் எவ்வளவு கரைகிறது என்று நேராகவே காட்டிவிடும். ஏசி ஓட்டம் இழுக்கும்போது பார்க்க வேண்டும். பிளஸ்ஸில் 1.7, மைனஸில் 0.7. பிளஸ்ஸை இன்னும் துண்டு துண்டாகப் பார்த்ததில், ஃபியூஸ் ஹோல்டரின் இரண்டு காலுக்கும் இடையில் மட்டும் 0.9. கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. உள்ளே லக்கைச் சுத்தியலால் தட்டிவிட்டிருக்கிறார்கள், கிரிம்ப் பண்ணவில்லை. பாதிக் கம்பிகள் வெளியே நின்று பச்சைக் களிம்பு பிடித்திருந்தன.

மிச்சத்தை ஒயர் தின்றது. ஆறு ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். நாற்பது ஆம்பியருக்கு அதிலேயே கிட்டத்தட்ட 1.4 வோல்ட் போய்விடும். பதினாறு ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். வீட்டில் 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. இருபத்து நாலில் போனால் ஏசியே எடுக்காது. ஏசிக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் ஒயரில் மிச்சம் பிடித்திருந்தார். ஒயரையும் ஹோல்டரையும் மாற்றி, மைனஸைச் சேஸிஸ் எர்த்தில் விடாமல் நேராகப் பேட்டரிக்கே கொண்டுவந்தோம். மறுபடி போட்டதும் ஒரே ஏற்றத்தில் எடுத்தது.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கம்பியை முறுக்கிச் சொருகுபவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கேபின் மூலையில் தகரத்தில் உரசிக்கொண்டு ஏறும் ஒயர் அது. இரண்டு பெரிய பேட்டரியின் முழுப் பலமும் அதன் பின்னால் இருக்கிறது. உள்ளே தூங்குவது நீங்கள். ஃபியூஸ் பேட்டரி பக்கத்தில், ஒயருக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் ஓட்டுபவர்கள் இந்தப் பெட்டியைத் தங்கள் இஷ்டத்துக்குப் பொருத்தவே கூடாது. அந்த வண்டிகளின் மின்சார வேலைக்குத் தனி விதிகள் உண்டு.

பேட்டரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டியில் இருப்பது பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதோடு தனித்தனியாகவும் பார்க்க வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பாட்டு செட்டுக்கும் செல் சார்ஜருக்கும் ஒரு பேட்டரியில் மட்டும் பன்னிரண்டு வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி தினமும் கூடுதலாக இறங்கும். டைனமோ இரண்டையும் சேர்த்தே ஏற்றுவதால் இதன் குறை தீராது, மற்றதற்கு அதிகமாகப் போகும். ஒன்று 12.7, மற்றது 12.0 என்று காட்டினால் விஷயம் இதுதான். ஏசி போட்டதும் மெலிந்தது சரியும், நல்லதையும் சேர்த்துக் கவிழ்க்கும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள், விலை பெரிதில்லை.

இன்னொரு கணக்கு. "நூத்தம்பது ஆம்பியர் பேட்டரி ரெண்டு இருக்குது, முந்நூறு ஆச்சே" என்பார்கள். தொடராக இணைத்தால் வோல்டேஜ்தான் கூடும், ஆம்பியர் மணி அதே நூற்றைம்பதுதான். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் இருப்பது எழுபத்தைந்து. முப்பத்தைந்து ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல். அதற்குப்பின் மெதுவாக எடுப்பதும் நிற்பதும் ஏசி செய்யும் உபகாரம், காலையில் செல்ஃப் சுற்ற அது மிச்சம் வைக்கிறது. கட் ஆஃபைக் கீழே இறக்கிவைத்துவிட்டு ராத்திரி முழுக்க ஜில்லென்று தூங்கியவர், விடியலில் பக்கத்து வண்டிக்காரரிடம் ஜம்பர் ஒயர் கேட்டு நிற்பார். ராத்திரி முழுக்க வேண்டுமென்றால் ஏசிக்குத் தனி செட் பேட்டரிதான் வழி.

மேலே ஏறிக் கன்டென்சரைப் பார்ப்பவர் குறைவு. கோழி வண்டிகளுக்குப் பின்னாலேயே ஓடும் நம் ரோட்டில் அங்கே இறகும் தீவனத் தூசும் கம்பளி மாதிரி அப்பிக் கிடக்கும். காற்று போகாவிட்டால் அழுத்தம் ஏறும், மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், ஒயரில் மறுபடி வோல்டேஜ் விழும். மெல்லிய பிரஷ்ஷும் சாதாரணத் தண்ணீரும் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகக் காட்டினால் தகடு மடங்கிவிடும். மத்தியானம் மூன்று மணிக்குப் போடுவதாக இருந்தால் இரண்டு கதவையும் ஐந்து நிமிடம் திறந்துவைத்துவிட்டுப் போடுங்கள்.

சினிமா ஷூட்டிங்குக்கு வரும் கேரவன் விஷயம் வேறு. அதன் கூரை ஏசி பலவும் ஜெனரேட்டரின் 230 வோல்ட்டில் ஓடுபவை, நம் வீட்டு ஏசி இனம். பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். கப்பாசிட்டர் மெலிந்துவிட்டால் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு ஓவர்லோடில் நிற்கும், ஆறியபின் எடுக்கும். முப்பத்தைந்து மைக்ரோஃபாரட் என்று எழுதியது மீட்டரில் இருபத்தெட்டு காட்டினால் யோசிக்காமல் மாற்றலாம். லைனை அணைத்தபின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், இறக்காமல் தொடாதீர்கள். கப்பாசிட்டர் சரியாக இருந்தும் முனகினால் ஜெனரேட்டர் சக்தி போதவில்லை, அல்லது நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் இழுப்பு நன்றாகக் குறையும். லாரிப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் மெல்ல ஏறும் பிஎல்டிசி கம்ப்ரசர். அதில் தேடி மாற்ற ஸ்டார்ட் கப்பாசிட்டரே கிடையாது. ஆனாலும் "கப்பாசிட்டர் மாத்தினோம்" என்று பில் போட்டிருந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

ஏசி முனையிலேயே வோல்டேஜ் கெட்டியாக நின்று, கன்டென்சரும் சுத்தமாக இருந்து, அப்படியும் தடுமாறினால்தான் போர்டையோ கம்ப்ரசரையோ சந்தேகிக்க வேண்டும். அப்போது டிஸ்ப்ளேயில் வரும் எரர் நம்பரைச் செல்லில் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் பல மாடல்களில் அது அழிந்துவிடும்.