பட்டைப் பருத்தி ஆக்காதீர்கள்

கேமரா வாங்கிய மறுநாளே "எந்த ஃபில்டர் வாங்கணும் ஐயா?" என்று கேட்டு வருகிறீர்கள். வாங்குவது இருக்கட்டும்; நான் கெடுத்த ஒரு படத்தைப் பற்றி முதலில் கேளுங்கள்.

வேகவதிக் கரையில், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில், ஒரு நெசவாளர் அரக்கு நிறச் சேலையை விரித்துக் காட்டினார். பளபளப்பில் கண் கூசியது. போலரைசர் என்ற ஃபில்டரை மாட்டி, மினுமினுப்பு அடங்கும்வரை சுழற்றி எடுத்தேன். படத்தைப் பார்த்தவர், "ஊர்ப் பேருக்கு ஏத்த மாதிரி பட்டைப் பருத்தி ஆக்கிட்டீங்களே!" என்றார். அன்று கற்றதிலிருந்து சில:

1. பின்னால் கணினியில் செய்ய முடிவதற்கு ஃபில்டர் வாங்காதீர்கள். ஃபிலிம் காலத்தில் குண்டு பல்பின் மஞ்சளைப் போக்க நீலக் கண்ணாடி மாட்டினோம். இன்று ஒயிட் பேலன்ஸ் அதைச் செய்துவிடும். எடுக்கும்போதே செய்தாக வேண்டிய வேலைகள் இரண்டு: கூச்சத்தை அடக்குவது போலரைசர், வெளிச்சத்தைக் குறைப்பது என்.டி. தொடக்கத்துக்கு இவை போதும்.

2. யு.வி. ஃபில்டர் இல்லாமல் படம் கெடாது. டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. தூசிக்கும் கீறலுக்கும் காவலாக மாட்டலாம். ஆனால் சன்னதி விளக்கை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். இல்லாத சுடரொன்று படத்தில் எதிரொளியாக மிதக்கும்.

3. லென்ஸில் வட்டமும் குறுக்குக்கோடுமான குறிக்குப் பக்கத்தில் 52, 67, 77 என்று இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு, மில்லிமீட்டரில். உங்களிடம் உள்ளதில் பெரிய லென்ஸுக்கு வாங்குங்கள். சிறியவற்றுக்கு ஸ்டெப்-அப் வளையம் போதும்.

4. கடையிலேயே சோதியுங்கள். போலரைசரின் வெளிப்பக்கத்தை எல்.சி.டி. திரையின் பக்கம் வைத்து, அதன் வழியே பார்த்துக்கொண்டே சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை நன்றாக இருளும். இருளாவிட்டால் வேறு திரையிலும் பாருங்கள். எதிலும் இருளவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. வானத்தின் நீலம் ஆழமாக வேண்டுமென்றால் சூரியன் உங்கள் தோள்பக்கம் இருக்கட்டும். 90 பாகைக் கோணத்தில்தான் போலரைசர் முழு வேலை செய்யும். அகலக் கோண லென்ஸில் கவனம் தேவை: கோபுரத்தின் ஒரு பக்க வானம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் போகும்.

6. இருட்டில் போலரைசரைக் கழற்றுங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலான திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் கதைகள் ஓவியமாக விரிகின்றன. அண்ணாந்து நேராக எடுத்தால் போலரைசரால் பயனும் இல்லை. சாய்வாக வரும் கூச்சத்தைத்தான் அது வெட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அனுமதி கேட்டுக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, தூணில் சாய்ந்து மூச்சடக்கி எடுங்கள். 1934இல் டி. என். இராமச்சந்திரன் இக்கோயிலைப் பற்றித் தனி நூலே எழுதினார். அப்படி ஆராய்பவர் நாளை உங்கள் படத்தையும் பார்க்கலாம், நிறத்தில் விளையாடாதீர்கள்.

7. என்.டி. என்றதும் அருவிதான் நினைவுக்கு வரும். நம் வேகவதியில் தண்ணீரைத் தேடத்தான் வேண்டும்! ஐப்பசி மேகம் கோபுரத்தின்மேல் ஓடும்போது பத்து ஸ்டாப் என்.டி. மாட்டுங்கள். 1/250 நொடி ஏறக்குறைய 4 நொடியாக நீளும்; மேகம் இழுபடும், கல் அசையாது. ட்ரைபாட் கட்டாயம். தறி வீட்டுக்குள் என்.டி. தேவையில்லை, அங்குள்ள மங்கலில் 1/8 நொடி வைத்தாலே ஓடும் நாடா கோடாகிவிடும்.

8. ஃபில்டர் இறுகிக்கொண்டால் ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகுங்கள். வேட்டி முனையால் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதிவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணி.

9. இனி அந்தச் சேலை. போலரைசர் பட்டின் மினுமினுப்பைத் துடைத்து, அடியில் உள்ள சாய நிறத்தை மட்டும் காட்டும். உலோகத்தின் பளபளப்பு அதற்கு அடங்காது. ஜரிகையோ வெள்ளிக் கம்பி சுற்றிய இழை. அதனால் உடல் மங்கி, கரை மட்டும் ஒட்டவைத்தது போல் மின்னியது. மடிப்பில் ஓடும் ஒளிதானே அது பட்டு என்று சொல்கிறது! மறுவாரம் போய், சேலையைச் சன்னல் பக்கம் சாய்த்து, போலரைசரைப் பாதி மட்டும் திருப்பினேன். மடிப்பெல்லாம் ஒளி ஓடியது. நெசவாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு விலை சொல்லலாம்" என்றார்.