குடும்பத்தோடு வெளிநாடு: பள்ளிக்கூடம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரத்துக்குக் கடல் தாண்டிப் போய்ப் பிழைப்பது புதிதல்ல. பரங்கிப்பேட்டை பழைய துறைமுகம். தென்கிழக்கு ஆசியாவோடு இருந்த போக்குவரத்துக்குப் பிறகு வந்ததுதான் வளைகுடா. முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் போவார்கள், பிள்ளைகள் ஊரிலேயே படிப்பார்கள். இப்போது பட்டம் வாங்கி அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ள நினைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் மாதக்கணக்கில் அலைகிறவர்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மட்டும் “அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளையின் ஒரு வருஷப் படிப்பு போய்விடக்கூடும். ஊரில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“வேலை கிடைச்சுட்டா குடும்பத்தையும் கூட்டிக்கலாம்”

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ‘வொர்க் பெர்மிட்’டில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருந்தால்தான் மனைவி, பிள்ளைகளுக்கு டிபெண்டன்ட் பாஸ் கிடைக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். சவூதியில் விசா கிடைத்த பிறகும் செலவு தொடரும்: குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்ட வேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருஷத்துக்கு 14,400 ரியால். பள்ளிக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

“பேர்லயே இன்டர்நேஷனல்னு இருக்கே”

பெயர்ப்பலகையில் யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளலாம். நம் மாவட்டச் சாலைகளில் அந்தப் பெயரோடு தென்படும் பள்ளிகளில் பெரும்பாலானவை சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை. அது குறை இல்லை; ஆனால் “இன்டர்நேஷனல்ல படிச்ச பிள்ளை, அங்க சுலபமா சேத்துக்குவாங்க” என்று நம்பி கூடுதல் பணம் கட்டுவதில் பயனும் இல்லை. ஜெனீவாவில் 1968-இல் தொடங்கிய ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) அமைப்பும், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அமைப்பும் தாங்கள் அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தமிழ்நாட்டில் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி 1976-இலேயே ஐ.பி. டிப்ளமோவைக் கொண்டுவந்தது, இந்தியாவில் அதைத் தொடங்கிய முதல் பள்ளி அதுதான்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுப் பள்ளி என்றாலே வெள்ளைக்காரப் பள்ளிதான் என்று நினைக்க வேண்டியதில்லை. பஹ்ரைனில் இந்தியன் ஸ்கூல் 1950-இல் தொடங்கியது. குவைத்தில் இந்தியன் கம்யூனிட்டி ஸ்கூல் 1959-இலும், துபாயில் இந்தியன் ஹைஸ்கூல் 1961-இலும், ஜித்தாவில் இன்டர்நேஷனல் இந்தியன் ஸ்கூல் 1969-இலும் வந்தன. இவற்றில் சி.பி.எஸ்.இ. பாடம் உண்டு. துபாயில் சி.பி.எஸ்.இ. 2024-இல் மண்டல அலுவலகமே திறந்துவிட்டது. நான்கைந்து வருஷத்தில் ஊர் திரும்பப்போகும் குடும்பத்துக்கு, பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியைவிட இந்தியப் பள்ளியே ஏற்றது என்பது என் திடமான கருத்து. கட்டணமும் பெரும்பாலும் பல மடங்கு குறையும், திரும்பி வரும்போது பாடமும் தொடரும்.

“டி.சி. எதுக்கு, மார்க் ஷீட் போதும்”

இந்த நம்பிக்கைதான் அதிகம் சிரமப்படுத்துகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமீரகத்தில் தொடக்க வகுப்புகளைத் தாண்டிய பிள்ளைக்கு இந்தியாவிலிருந்து மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வேண்டும். வெறும் தலைமை ஆசிரியர் கையெழுத்து போதாது. கல்வித்துறையின் மேலொப்பம், மாநில அரசின் சரிபார்ப்பு, வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கடைசியாக அமீரகத் தூதரகத்தின் முத்திரை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். இடையில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்த இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“அப்போஸ்டில் போட்டா எல்லா நாட்டுக்கும் செல்லும்” என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. அப்போஸ்டில் என்பது ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு இடையில் மட்டும் செல்லும் முத்திரை. இந்தியா அதில் 2005-இலிருந்து இருக்கிறது. ஓமான், பஹ்ரைன், 2021-இலிருந்து சிங்கப்பூர், 2022 டிசம்பரிலிருந்து சவூதி ஆகியவையும் இருக்கின்றன. அமீரகம், குவைத், கத்தார் அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. அந்த மூன்று நாடுகளுக்கும் தூதரக முத்திரை கட்டாயம் வேண்டும். ஒரே தெருவில் ஒருவர் ரியாத்துக்கும் இன்னொருவர் ஷார்ஜாவுக்கும் போகிறார்கள் என்றால் இருவருக்கும் வழி வேறு வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையே நாமும் செய்தால் போதும் என்று இருக்க முடியாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியுறவு அமைச்சகம் ஒரு காகிதத்துக்கு அப்போஸ்டில் போட வாங்கும் அரசுக் கட்டணம் 50 ரூபாய். சாதாரணச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே இல்லை. அமைச்சகம் நியமித்த நிறுவனங்கள் காகிதத்தை வாங்கிக் கொடுக்கச் சிறு சேவைக் கட்டணம் வாங்கும். தூதரகக் கட்டணம் தனி. இதைத் தெரிந்துகொண்டு ஏஜென்ட்டிடம் பேசுங்கள். அவர் ஆயிரக்கணக்கில் கேட்டால், எது அரசுக் கட்டணம், எது அவருடைய கூலி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது அந்த டி.சி.யையே கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும், வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு என்று இரண்டு அங்க அடையாளங்கள், எந்த வகுப்புக்குத் தேர்ச்சி என்ற வரி. அதே பிள்ளையின் பாஸ்போர்ட்டில் முதலெழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகி, ‘சர்நேம்’ கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் மூன்றாவது விதமாக இருக்கும். நமக்கு இது ஒரே பிள்ளை. அங்கே கணினிமுன் இருக்கும் எழுத்தருக்கு இவர்கள் மூன்று பேர். சில பாஸ்போர்ட்டுகளில் ‘சர்நேம்’ கட்டமே காலியாக, ஒரே சொல்லாகப் பெயர் இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம், அப்படி ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் கலங்கிப்போனார்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், டி.சி. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கும்படி முதலில் திருத்திக்கொள்ளுங்கள். முத்திரை குத்திய பிறகு திருத்தினால் எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

டி.சி. வாங்கியதும் பள்ளிக் கல்வித்துறையின் ‘எமிஸ்’ இணையப் பதிவில் பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து நீங்கிப் பொதுத் தொகுப்புக்குப் போய்விட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் பழைய பள்ளியிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், ஊர் திரும்பிச் சேர்க்கும்போது புதிய பள்ளி திணறும். கிராம சுகாதார செவிலியர் எழுதிக்கொடுத்த தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக எடுத்துப் போங்கள். அமீரகப் பள்ளிகள் அதைக் கேட்கும்.

“இங்க ஆறாவது, அங்கயும் ஆறாவது”

நம் பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரல் தொடக்கத்திலேயே திறந்துவிடும். அப்போது இங்கே முழு ஆண்டுத் தேர்வே முடிந்திருக்காது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு வருஷம் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் தொடங்கும், சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளுக்கு ஜனவரியில். கோடை விடுமுறையில் டி.சி. வாங்கி ஜூனில் போய் இறங்கினால், இந்தியப் பள்ளியில் இரண்டு மாதப் பாடம் போயிருக்கும். ஜூலையில் அங்கே கோடை விடுமுறையும் வந்துவிடும். ஏப்ரலில் சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

வகுப்புப் பெயரும் குழப்பும். பிரிட்டிஷ் முறையில் ‘இயர் 6’ என்பது நம் ஐந்தாம் வகுப்பு. பிள்ளைக்கு இரட்டைத் தேர்ச்சி கிடைத்துவிட்டது என்று யாரும் மகிழ வேண்டாம். வயதிலும் வித்தியாசம் உண்டு: தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரலாம், அமீரகத்தில் ஆறு நிறைய வேண்டும்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளியில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ‘ஏ.இ.ஐ.எஸ்.’ என்ற தேர்வு உண்டு. ஆங்கிலமும் கணக்கும்தான் பாடங்கள். தேறினாலும் இடம் உறுதி இல்லை.

“தமிழ் போயிடும்”

போக விட்டால் போகும். சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆனால் எந்தப் பள்ளி ஆசிரியர் வைத்து நடத்துகிறது என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டும். துபாயில் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு கட்டாயம், முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் கட்டாயம். ஆகவே தமிழுக்கு நேரம் தானாகக் கிடைக்காது, ஒதுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ்ப் படிப்புகளை இணையத்தில் நடத்துகிறது. வீட்டில் அம்மாவும் அப்பாவும் தமிழில் பேசுவதற்கு இது எதுவும் மாற்றாகாது.

“எப்ப வேணா திரும்பி வந்து சேர்ந்துக்கலாம், எதுவும் போகாது”

போகும். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் குடும்பங்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. அதில் சேரும் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் துபாய்க்குப் போய் ஒன்பதாம் வகுப்பில் திரும்பிய பிள்ளைக்கு அந்த உரிமை முடிந்தது. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற நிபந்தனை உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கு, 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும். கிள்ளை மாதிரி ஒரு ஊரில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை சின்ன விஷயமில்லை. சில குடும்பங்களுக்கு இரண்டு வருஷ வெளிநாட்டுச் சம்பளம் இதற்கு ஈடாகாது.

இதற்கு நேர்மாறான பயமும் ஊரில் உண்டு: வெளிநாட்டுப் பாடம் படித்தால் இங்கே கல்லூரியே கிடைக்காது என்று. அது தவறு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஐ.பி. டிப்ளமோவை 1983 முதல் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. கேம்பிரிட்ஜ் ஏ லெவலுக்கும் இணைத்தகுதி உண்டு. பாடத் தேர்வுதான் முக்கியம். மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் எடுத்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு, பதினேழு வயதில் நீட் எழுத முடியவில்லை என்று வருந்தக் கூடாது. வளைகுடாவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு என்.ஐ.டி.களிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் தனி இடங்கள் இருக்கின்றன. அந்தந்த வருஷ விதியைப் படித்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளை, மாநில ஒதுக்கீட்டுக்கு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். பெற்றோரின் பழைய படிப்புச் சான்றுகளையும் பள்ளிச் சான்றுகளையும் இப்போதே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

பிள்ளை இப்போது ஒன்பது முடித்திருந்தாலோ பதினொன்றில் இருந்தாலோ, அவசரப்பட்டு அழைத்துப் போகாதீர்கள். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பதிவை ஒன்பதிலும் பதினொன்றிலுமே செய்துவிடுகிறது. அதன்பின் நேரடியாகப் பத்திலோ பன்னிரண்டிலோ சேர வாரியத்தின் அனுமதி வேண்டும், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. அந்த ஒரு வருஷத்தைத் தாத்தா பாட்டி வீட்டில் இருந்து, ஊர்ப் பள்ளியில் தேர்வெழுதி முடித்துவிட்டுப் பிள்ளை கிளம்பட்டும். டிக்கெட் போடுவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒருமுறை போய்ப் பேசுங்கள். விண்ணப்பிக்கும் பள்ளிக்கு நான்கு கேள்விகள் எழுதி அனுப்புங்கள்: எந்த வகுப்பில் சேர்ப்பீர்கள், எந்த மாதம், டி.சி.யில் எந்தெந்த முத்திரை வேண்டும், தமிழ் உண்டா. பதில் எழுத்தில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.