கமராவைத் தூக்குமுன் ராத்தா சொல்வதைக் கேள்

புல்மோட்டைக்குப் படம் எடுக்க வருகிற சோடிகள் பலர், காலிமுகத்திடலில் எடுத்த யாரோ ஒருவரின் கலியாணப் படத்தைப் போனில் காட்டி, "இதே மாதிரி, சூரியன் கடலுக்குள்ள இறங்கும்போது வேணும்" என்பார்கள். இறங்காது, தங்கச்சி. நாம் இருப்பது கிழக்குக் கரை. சூரியன் கடலால் ஏறி, பின்னேரம் பற்றைக்காட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். அட்வான்ஸ் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடு. பின்னேரச் சூரியன் தண்ணீரில்தான் விழவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களைக் கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரத்துப் பக்கம் கூட்டிப் போ. அங்கே மேற்கேயும் தண்ணீர். ஆனால் அது 1951 இலேயே சரணாலயமாக்கப்பட்ட இடம். பின்னணி அழகாக வரும் என்று கல்லெறிந்து பறவைகளைக் கிளப்புகிற வேலை மட்டும் வேண்டாம்.

நான் கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். சனி, ஞாயிறும் பெருநாள் லீவும்தான் கமராவுக்கு. பெரிய ஸ்டூடியோக்காரருக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை. ஒரு கமரா, ஒரு 50 எம்.எம். லென்ஸ், கொண்டுபோய் விட ஒரு தம்பி என்று தொடங்குகிற உன்னைப் போன்ற பிள்ளைக்குத்தான் இது.

நம்முடைய நேரம் தொழுகை நேரத்தோடு சரியாகப் பொருந்தும். சுபஹு தொழுததும் கரைக்குப் போய்விடு. சூரியன் கடலை விட்டுக் கிளம்பி ஒரு மணித்தியாலம் போனால் முகத்தில் வெயில் அடிக்கத் தொடங்கிவிடும். பின்னேரம் அஸருக்குப் பிறகு ஆறுதலாக வெளிக்கிடு. மரங்களுக்குப் பின்னால் சூரியன் போனதும் ஆளைக் கடலைப் பார்க்க நிறுத்து. கடலுக்கு மேலுள்ள வெறும் வானம் முழுவதும் மெல்லிய வெளிச்சமாக முகத்தில் விழும். அதற்கு ஈடான லைட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மஃரிபு பாங்குக்குப் பிறகும் இருபது நிமிடம் போல வெளிச்சம் நிற்கும். வெளிநாட்டு யூடியூப்காரர் காட்டுகிற நீண்ட அந்தி நம் நாட்டில் கிடையாது.

அடுத்தது மணல். நிலாவெளியில் எடுத்துப் பழகியவள் இங்கே வந்தால் தடுமாறுவாள். அங்கே வெள்ளை மணல் வெயிலை வாங்கித் திருப்பிக் கொடுப்பதால் நாடிக்குக் கீழும் கண்குழியிலும் தானாக வெளிச்சம் ஏறும். நம்முடையது கனிய மணல்: இல்மனைட், ரூட்டைல், சிர்கோன். 1957 இல் இதற்கென்றே கூட்டுத்தாபனம் அமைக்கும் அளவுக்குச் செறிந்து கிடக்கிற மணல். கறுப்பாகக் கிடக்கிற இடத்தில் அது வெளிச்சத்தைத் திருப்பித் தராது. கண் இரண்டும் குழிக்குள் போய்விடும். போதாததற்கு, படத்தில் கறுப்பு மணல் நிறைய விழுந்தால் கமரா இருட்டென்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். நெற்றி வெளுத்துப் போகும், கண் கறுப்பாகவே இருக்கும். ஓட்டோவை நம்பாதே. முகத்தை மட்டும் அளந்து எக்ஸ்போஷரை நீயே வை. கீழே விரிக்க ஒரு வெள்ளை பெட்ஷீட், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள ஒரு ரெஜிபோம் பலகை. காற்று நாளில் பலகை பறக்கும், பெட்ஷீட்தான் வசதி. நாலு மூலைக்கும் செருப்பை வை.

காந்தப் பொத்தான் வைத்த பையை இந்தக் கரைக்குக் கொண்டுவராதே. கனிய மணல் ஆலையில் இல்மனைட்டைக் காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உன் பையின் பொத்தானும் அதே வேலையைச் செய்யும். ஒட்டிய மணி லென்ஸ் வளையத்துக்குள் போனால் திருக்கும்போது சத்தம் கேட்கும், நெஞ்சு பதறும். சிப் வைத்த பை போதும். லென்ஸ் மாற்றும் வேலையை வீட்டிலேயே முடித்துவிடு. இன்னொன்று, கறுப்பு மணல் சீக்கிரம் கொதிக்கும். பத்து மணிக்கு வெறுங்காலோடு பிள்ளையை அதில் உட்காரச் சொல்லாதே.

இந்த மணலைப் பற்றி இன்னும் ஒரு கதை இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுப்பதுதான் டைட்டானியம் டயொக்சைட். பெயின்டிலும் கிரீமிலும் பவுடரிலும் வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கிற சாமான். நம் கரையின் கறுப்பு மணல் கப்பலேறிப் போகிறது. மணப்பெண்ணின் கன்னத்தில் இருப்பதும் அந்தச் சாமான்தான். வெறும் கண்ணுக்கு மேக்கப் நன்றாகத்தான் இருக்கும். ஃப்ளாஷ் அடித்ததும் முகம் சாம்பல் வெள்ளையாகவும் கழுத்து வேறு நிறமாகவும் வரும். கலியாண வீட்டில் பெண்ணை மேடைக்குக் கொண்டுபோக முன்னமே ஃப்ளாஷோடு ஒரு படம் எடுத்து, அழகுபடுத்துகிறவரிடம் காட்டு. பவுடரைத் தட்டிக் குறைக்க அப்போது நேரம் இருக்கும். பிறகு கொம்பியூட்டரில் உட்கார்ந்து அழுது பிரயோசனமில்லை.

அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாக்கித் தரச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். பெண்ணை விட மாமியார்தான் அதிகம் கேட்பார். நான் செய்வதில்லை. ஒரு காலத்தில் கொடக் கொம்பனி, ஷெர்லி என்று பெயர் வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான் படம் கழுவும்போது நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. அந்த அட்டையில் நம் முகத்துக்கு இடமே இருக்கவில்லை. இப்போது கமராவே நம் நிறத்தை ஒழுங்காக எடுக்கிறது, நாம் அதை அழிக்கிறோம். சரியான வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்த படத்தைக் காட்டிப் பார், மாமியார்களே பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

உச்சி வெயிலுக்கு எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லப் பழகு. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். மூக்கின் நிழல் வாயில் விழும். ஜூலியா மார்கரெட் கமரன் என்று பேர்பெற்ற ஒரு ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மௌத்தானவர். தோட்டத் தொழிலாளரையும் ஊர்ச் சனத்தையும் படம் எடுத்தார். மரியன் நோர்த் என்ற ஓவியர் களுத்துறையில் அவர் வீட்டில் தங்கியபோது, கமரன் அவருக்குக் கம்பளித் துணியைப் போர்த்து, தென்னோலை தலையில் குத்த, நடுப்பகல் வெயிலில் நிறுத்தி, இயல்பாக இரு என்றாராம். அன்றைக்கு 96 பாகை ஃபாரன்ஹைட்! நோர்த் அம்மாவே இதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளிடம் நிற்பதே அப்படியென்றால், நம்மிடம் நிற்கிற பிள்ளை என்ன சிரிப்புச் சிரிக்கும்? பகலில்தான் எடுக்கவேண்டும் என்றால் விறாந்தைக்குப் போ. கூரை நிழல் முடிகிற கோட்டுக்கு ஒரு அடி உள்ளே ஆளை நிறுத்தி, வெளியே பார்க்கச் சொல்.

இனி நம் ஊரில் உனக்குள்ள பெரிய பலம். நீ பொம்பிளை. ஆண் படக்காரரை உள்ளே விடாத வீட்டில் உன்னை விடுவார்கள். தலை மூடாமல், அலங்காரத்தோடு ஒரு பெண் உன் முன்னால் நிற்கிறாள் என்றால் அவள் குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் உன் கார்டுக்குள் இருக்கிறது. ஆகவே முதலே கேள்: எந்தப் படம் யார் பார்க்கலாம், பேஸ்புக்கில் போடலாமா, அல்பத்துக்கு மட்டுமா. வாயால் கேட்டால் போதாது. வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கு. அல்பம் அடிக்கிற இடத்தில் யார் வேலை செய்கிறார் என்று பார். உன் போனுக்குப் படம் மாற்றாதே. போன் தம்பி கைக்குப் போகும், தம்பியின் கூட்டாளி கைக்குப் போகும்.

கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பாவுக்கு அனுப்ப என்று எடுக்கும் குடும்பப் படங்கள் நிறைய வரும். எனக்குப் பிடித்த வேலை அதுதான். அதில் கலை காட்டாதே. பிள்ளைகள் கடலைப் பார்க்கிற மாதிரி, முதுகு தெரிகிற மாதிரி எல்லாம் எடுத்து நீ மகிழலாம், வாப்பாவுக்கு வேண்டியது முகம். எல்லாக் கண்ணும் லென்ஸுக்குள் பார்க்கவேண்டும். போனமுறை அவர் வந்து போனதற்குப் பிறகு விழுந்த பல், வளர்ந்த உயரம் இரண்டும் தெரியவேண்டும். பிள்ளையை உம்மாவின் தோளோடு ஒட்டி நிறுத்தினால் உயரம் தானாக விளங்கும்.

கரைவலை இழுக்கும் ஆட்களை எடுக்க ஆசை வரும். வலை வரும்போது குறுக்கே நிற்காதே, மீன் பிரித்து முடியும்வரை பொறுத்திரு. பிறகு அவர்களே கூப்பிடுவார்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் விளையாட்டு இல்லை. கனிய மணல் ஆலை, முகாம், காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதே. அனுமதி இல்லாமல் ட்ரோன் கிளப்பாதே. பழைய தாதுகோபம், இடிபாடு எதன் மேலும் ஆளை ஏற்றாதே. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைக்குக் கிட்ட கிரலாகல தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்ததற்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் 8 பேர் விளக்கமறியலுக்குப் போய், தண்டப்பணம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். எடுத்தது பழைய படம், வெளியே வந்தது பேஸ்புக்கால். "சும்மா ஒரு போஸ்தானே" என்று மாப்பிள்ளை சொன்னால், நீ கமராவை மூடிவிடு.

காசுக்கு வருவோம். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும், அந்த ஆசையை விடு. மற்ற வேலைக்கு அரைவாசிக் காசை முன்னமே வாங்கு. பயணச் செலவைத் தனியாக எழுது. எத்தனை படம் திருத்தித் தருவாய், எப்போது தருவாய் என்பதை இலக்கமாகச் சொல். சொந்தக்காரர் என்றால் குறை. இனாமாகக் கொடுக்காதே, அடுத்த பெருநாளுக்கு முழுக் குடும்பமும் வாசலில் நிற்கும். மழை வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது என்பதையும் அப்போதே பேசு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றுக் காலத்தில் நான் கடற்கரை வேலையே எடுப்பதில்லை, வீட்டு வேலை மட்டும்.

வீட்டுக்கு வந்ததும் சோறு திங்க முதல் கார்டை இரண்டு இடத்தில் கொப்பி பண்ணு. கொடுத்து முடிந்தபிறகு, உன்னிடம் இருக்கிற கொப்பியை வைக்கவா அழிக்கவா என்று வீட்டாரிடம் கேள். அழிக்கச் சொன்னால் அவர்களுக்கு முன்னாலேயே அழி.