படைவீரர் பிள்ளைகளும் பராமரிப்பு உரிமையும்

மணமுறிவு பெற்ற படைவீரன் இரண்டு கட்டளைகளுக்கு உட்பட்டவன். ஒன்று சேனை அதிகாரி இடுவது; மற்றொன்று பிள்ளையைக் குறித்து நியாயஸ்தலம் இடுவது. இவ்விரண்டும் முரண்படுமாயின் நேர்வது யாது என்பதை அமெரிக்க நாட்டுச் சட்டங்களைக் கொண்டு சுருங்க ஆராய்வோம்.

விளக்கத்தின்பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். வர்ஜீனியா மாகாணத்து நார்போக் துறைமுகத்தில் கடற்படை ஊழியம் புரிபவன் ஒருவன். எட்டு வயதுப் புதல்வி அவனிடம் வளர்கிறாள். அவளைப் பெற்ற தாய் அதே ஊரில் வசித்து, வாரந்தோறும் மகளைக் காண்கிறாள். அவன் மறுமணம் செய்துகொண்டான். புது மனைவிக்கும் முன்மணத்து மகன் ஒருவன் உளன். இந்நிலையில் கலிபோர்னியாவிலுள்ள ஸான் டியாகோவுக்கு மாறும்படி கட்டளை வருகிறது.

முதலாவது, வழக்கை விசாரிக்கத்தக்க இடம் எது? 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்று, ஏறக்குறைய எல்லா மாகாணங்களும் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டத்தின்படி, வழக்குத் தொடங்குமுன் பிள்ளை இடைவிடாது ஆறு மாதம் வாழ்ந்த மாகாணமே அதன் இல்ல மாகாணமாம். அங்கே தீர்ப்புப் பிறந்தபின், பெற்றோருள் ஒருவரேனும் அங்கு வசிக்குமளவும், அதனைத் திருத்தும் அதிகாரம் பொதுவாக அந்நியாயஸ்தலத்துக்கே உரியது. தாய் நார்போக்கில் இருப்பதால், தகப்பன் கலிபோர்னியாவுக்குச் சென்று புது வழக்குத் தொடுத்துப் பயனில்லை.

இரண்டாவது, பிள்ளையை உடன் கொண்டுபோகலாமா? சேனைக் கட்டளை தகப்பனைக் கட்டுமேயன்றிப் பிள்ளையைக் கட்டாது. வர்ஜீனியாவின் சட்டம், குடிபெயர்வதற்கு 30 நாட்களுக்கு முன்பே நியாயஸ்தலத்துக்கும் மறு பெற்றோருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுமென்று விதிக்கிறது. தாய் மறுப்பாளாயின், பிள்ளையின் நலம் எதுவோ அதுவே அளவுகோலாகும். புது மனைவியின் மகனுக்கும் ஒரு தகப்பன் உண்டன்றோ? ஆகவே ஒரே வீட்டுக்கு இரு வழக்குகள் நேரலாம். ஒரு பிள்ளை செல்லவும் மற்றொன்று தங்கவும் தீர்ப்பாகலாம்.

மூன்றாவது, தகப்பன் போர்க்கப்பலேறிப் பல மாதம் அகன்றால் யாது நேரும்? 1940ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புதுக்கி 2003இல் இயற்றப்பட்ட சட்டம், கடமையால் வழக்குக்கு வர இயலாதவன் தக்க சான்றுடன் வேண்டினால், குறைந்தது 90 நாட்கள் விசாரணையை ஒத்திவைக்க இடந்தருகிறது. 2014இல் அதனோடு சேர்க்கப்பட்ட விதி, போர்க்கடமையால் நேரும் பிரிவை மாத்திரமே காரணமாகக்கொண்டு பராமரிப்பு உரிமையை நிலையாக மாற்றலாகாதென்று காக்கிறது.

நான்காவது, அக்காலத்தில் சிறுமி மாற்றாந்தாயிடம் தங்கலாமா? பிள்ளையின் பராமரிப்புக்குத் திட்டம் எழுதிவைக்கும்படி சேனை கேட்கிறது. எனினும் அத்திட்டம் நியாயஸ்தலத் தீர்ப்பை மேற்கொள்ளாது; பெற்ற தாயின் உரிமையையும் நீக்காது. சில மாகாணங்கள் ஏற்றுள்ள 2012ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமோ, பிள்ளையோடு நெருங்கிய பற்றுடைய மாற்றாந்தாய் போன்றோருக்குத் தற்காலிகப் பொறுப்பளிக்க நியாயஸ்தலத்துக்கு வழிவகுக்கிறது. வீரன் மீண்டபின் அப்பொறுப்பு முடிவுறும்.

இவற்றால் பெறப்படும் உண்மை ஒன்று. கடமைக்காக அகல்வது தகப்பனுக்குக் குற்றமன்று. ஆயினும் அக்கடமை பிள்ளைமேல் அவனுக்குத் தனியுரிமையும் தருவதன்று. ஆதலின் இடமாற்றக் கட்டளை வருமுன்னரே, விடுமுறை நாட்கள், பயணச் செலவு, மாற்றாந்தாயின் பொறுப்பு, தொலைவிலிருந்து பேசும் வேளை ஆகியவற்றைப் பெற்றோர் இருவரும் கூடி எழுதி, நியாயஸ்தலத்தின் ஒப்புதலையும் பெறுதல் விவேகமாம். அவ்வாறு செய்யுமிடத்து, அச்சிறுமி ஊர் மாறினும், தன்மேல் அன்புடையார் ஒருவரையும் இழவாள்.